பித்தம் இறங்காத பச்சிளங் குழந்தை: மலத்தின் நிறமும் 60 நாள் கணக்கும்

பிறந்து இரண்டு வாரம் ஆகியும் கண்ணில் மஞ்சள் போகாத குழந்தை வீட்டில் இருந்தால், இந்த அத்தியாயத்தை முழுவதும் படித்துவிட்டு வேறு வேலை பாருங்கள். மஞ்சள் இல்லாத குழந்தைக்கும் இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் உதவும். பெற்றோர், பிள்ளைப்பேறு பார்க்கும் பாட்டி, வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் அது தானாக மறைந்துவிடும். மறையாத சிலவற்றில் வெகு சில குழந்தைகளுக்குக் கல்லீரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்குவதில்லை. இந்தச் சிலரைத்தான் நாம் தேடுகிறோம். பல்லாயிரம் குழந்தைகளில் ஒன்று என்ற அளவுக்கு இது அரிது. தப்பவிட்டால் விலை ஒரு கல்லீரல்.

1. தெரிந்துகொள்ள வேண்டிய அளவு

ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு மஞ்சள், பச்சை, பழுப்பு நிறங்கள் வருவது இதனால்தான். பித்தம் இறங்காவிட்டால் மலம் வெளுக்கும். போக வழியில்லாத பிலிருபின் ரத்தத்தில் தேங்கிச் சிறுநீர் வழியாக வெளியேறும். அதனால் சிறுநீர் மஞ்சளாகும். மலம் வெளுப்பு, சிறுநீர் மஞ்சள் என்ற இந்தத் தலைகீழ் மாற்றத்தை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

காரணங்கள் பல உண்டு. நாளோடு போட்டி போட வேண்டியது பிலியரி அட்ரீசியா. கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக் குழாய்கள் பிறப்பை ஒட்டிய வாரங்களில் அழற்சியால் இறுகி அடைந்துபோகும் நோய் இது. அப்படியே விட்டால் தேங்கிய பித்தம் கல்லீரலைத் தழும்பாக்கிவிடும். சிகிச்சை இல்லாத குழந்தைகளில் பெரும்பாலானவை 2 வயதைத் தாண்டுவதில்லை.

2. காலண்டரில் நான்கு வட்டம்

இந்த நோயின் வஞ்சகம் குழந்தையின் தோற்றத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், எடை கூடும், சிரிக்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள். குழந்தையின் முகம் எச்சரிக்காது என்பதால் அந்த வேலையைக் காலண்டரிடம் கொடுக்க வேண்டும்.

1. பிறந்த தேதியை மாதக் காலண்டரில் எழுதுங்கள்.
2. 14-ஆம் நாளை வட்டமிடுங்கள். அன்று பகல் வெளிச்சத்தில் கண்ணையும் மலத்தையும் பாருங்கள். மஞ்சள் இருந்தால் ரத்தப் பரிசோதனை. குழந்தை தாய்ப்பால் மட்டும் குடித்து, மலமும் சிறுநீரும் சரியான நிறத்தில் இருந்து, மருத்துவர் நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும் ஒரு வாரம் பொறுக்கலாம்.
3. 21-ஆம் நாள். அப்போதும் மஞ்சள் இருந்தால் எந்தச் சமாதானமும் வேண்டாம். குறைமாதக் குழந்தைக்கும் இதுதான் எல்லை.
4. 30-ஆம் நாள். சந்தேகம் எழுந்த குழந்தை இந்தத் தேதிக்குள் குழந்தைகளுக்கான கல்லீரல் அல்லது அறுவை சிகிச்சை நிபுணர் முன்னால் இருக்க வேண்டும்.
5. 60-ஆம் நாளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பித்தம் வழிய வைக்கும் அறுவை சிகிச்சையை இதற்குள் செய்தால் பலிக்கும் வாய்ப்பு அதிகம். இன்னும் முன்னால் செய்தால் இன்னும் நல்லது. 90 நாளைத் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

நம் ஊரில் நாள் தவறும் இடம் ஒன்று உண்டு. பிரசவம் ஒரு மருத்துவமனையில், பிறகு தாய்வீடு, அங்கே பக்கத்துத் தெரு டாக்டர், மூன்றாம் மாதம் புகுந்தவீடு. ஒவ்வொருவரும் குழந்தையை ஒருமுறைதான் பார்க்கிறார்கள், மஞ்சள் நீடிப்பதை யாருமே பார்ப்பதில்லை. "ஒன்றரை மாத ஊசிக்கு வரும்போது காட்டிக்கலாம்" என்பது அடுத்த பொறி. அந்த ஊசி 45-ஆம் நாள். அன்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தால் பரிசோதனை, பயணம், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 15 நாள்.

குறிப்பு: காலண்டரைப் படமெடுத்து அப்பா, அம்மா, இரண்டு பாட்டிகள் நால்வரின் வாட்ஸப்பிலும் போட்டுவிடுங்கள். வீடு மாறினாலும் தேதி மாறாது.

3. மலத்தைப் பார்க்கும் முறை

இதற்குக் கருவி வேண்டாம், பழக்கம் போதும். முதல் இரண்டு மாதம் தினம் ஒருமுறை, அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிலியரி அட்ரீசியாவில் முதல் சில நாள் மலம் நிறமாகவே இருந்து, பிறகு படிப்படியாக வெளுப்பதும் உண்டு. மருத்துவமனையில் "மலம் சரியாக இருக்கிறது" என்று சொல்லி அனுப்பியதோடு வேலை முடிந்துவிடவில்லை.

1. காலை அல்லது பகலில், சன்னல் ஓரம் அல்லது வாசலில் வைத்துப் பாருங்கள். இரவு மஞ்சள் பல்பின் கீழே எல்லா மலமும் மஞ்சள்தான்.
2. வெள்ளைத் துணியிலோ சுத்தமான வெள்ளை டயப்பரிலோ பாருங்கள். பூப்போட்ட துணியும் பழைய மஞ்சள் கறை படிந்த துணியும் கண்ணை ஏமாற்றும்.
3. கெட்டியாக இருந்தால் ஒரு குச்சியால் பிளந்து உள்ளே பாருங்கள். மஞ்சள் காமாலையில் குடல் உட்சுவரின் செல்களும் சுரப்பும் பட்டு மலத்தின் மேல்பூச்சு மட்டும் மஞ்சளாகலாம், உள்ளே வெளுத்திருக்கும்.
4. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் செல்போனில் படமெடுங்கள். அழகு கூட்டும் ஃபில்டர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் படத்தை நம்பலாம்.
5. தேதியோடு ஒரே சொல்லில் எழுதுங்கள்: மஞ்சள், பச்சை, பழுப்பு, வெளிர்.

எது சரி? முதல் இரண்டு மூன்று நாள் கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று போவது இயல்பு. பிறகு தாய்ப்பால் குழந்தைக்குக் கடுகு அரைத்த மஞ்சள், நடுநடுவே சிறு திப்பிகள். பால்பவுடர் குடிக்கும் குழந்தைக்குக் கொஞ்சம் கெட்டியாகப் பழுப்பு கலந்த மஞ்சள். பச்சை பார்த்துப் பலர் பயப்படுவார்கள். பித்தக் கணக்கில் பச்சை நல்ல செய்தி.

எது சரியில்லை? சுண்ணாம்பு வெள்ளை, தோசைமாவு, காய்ந்த களிமண், சாம்பல் நிறங்கள். இவற்றில் யாரும் தவறுவதில்லை. தவறுவது நடுவில் உள்ள வெளிர் மஞ்சளில். பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள் கலந்த நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பால் மட்டும்தானே குடிக்கிறான், வெள்ளையாத்தான் போகும்" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். பால் குடித்தால் மலம் வெளுக்காது, பித்தம் இல்லாவிட்டால்தான் வெளுக்கும். சந்தேகமான நிறம் தொடர்ந்து இரண்டு மூன்று முறை வந்தால் கண்ணில் மஞ்சள் தெரியாவிட்டாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தால் டயப்பரையே மூடிய பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போங்கள், எந்த வர்ணனையும் அதற்கு ஈடாகாது.

இதை ஒரு நாடே செய்து காட்டியிருக்கிறது. தைவானில் 2004 முதல் நாடு முழுவதும் குழந்தை நலக் கையேட்டோடு மலநிற அட்டை ஒன்று தாய்மார்களுக்குத் தரப்படுகிறது. அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, நிறம் சரியில்லை என்றால் தகவல் சொல்ல வேண்டும். அட்டை வந்தபின் 60 நாளுக்குள் அறுவை சிகிச்சை பெறும் குழந்தைகளின் விகிதம் கூடியது. ஜப்பானும் 2012 முதல் தாய்-சேய் கையேட்டில் இதைச் சேர்த்தது. ஓர் அச்சிட்ட அட்டையின் செலவில் கிடைத்த பலன் இது. நம் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் இதற்கு இடமில்லாமல் போகாது.

4. சிறுநீரும் கண்ணும்

பச்சிளங் குழந்தையின் சிறுநீர் ஏறக்குறைய நிறமே இல்லாமல் இருக்க வேண்டும். வெள்ளைத் துணியில் காய்ந்த பிறகு மஞ்சள் கறை நின்றால் அது கவனிக்க வேண்டிய செய்தி. "தண்ணி பத்தலை, சூடு" என்று சொல்லித் தண்ணீர் புகட்டுவது வழக்கமான தவறு. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். (முதல் சில நாளில் துணியில் செங்கல் பொடி தூவியதுபோல் இளஞ்சிவப்புப் படிவது வேறு. அது யூரிக் அமில உப்பு, பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் நின்றுவிடும்.)

கண்ணைப் பார்க்கும்போது:

1. குழந்தை தானாக விழித்திருக்கும் நேரம் பாருங்கள், இமையைப் பிதுக்காதீர்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியே சாட்சி.
2. மாநிறக் குழந்தையிடம் தோலை நம்பாதீர்கள். மூக்கு நுனியை விரலால் மெதுவாக அழுத்தி எடுங்கள், ரத்தம் விலகிய நொடியில் அடிநிறம் தெரியும். ஈறையும் பாருங்கள்.
3. மஞ்சள் பூசிக் குளித்த கன்னத்தோடு தாய் குழந்தையைக் கொஞ்சியிருந்தால் முதலில் குழந்தையின் முகத்தைத் துடைத்துவிடுங்கள். சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் பிள்ளை பெற்ற வீடுகளில் இது நடக்கிற குழப்பம்தான்.

5. ரத்தப் பரிசோதனை: பார்க்க வேண்டியது இரண்டாவது எண்

டாக்டரிடம் போய் "மஞ்சளா இருக்கு" என்று மட்டும் சொன்னால், கூட்டம் மிகுந்த அறையில் "வெயில்ல காட்டுங்க" என்ற பதில் கிடைக்கக்கூடும். நாளையும் நிறத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்:

"டாக்டர், குழந்தைக்கு இன்னைக்கு 16-ஆவது நாள். கண்ணுல மஞ்சள் இன்னும் போகலை. மலம் வெளிறிப்போகுது, படம் வச்சிருக்கேன். பிலிருபின் டோட்டல், டைரக்ட் ரெண்டும் பார்த்துடலாமா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். பிலிருபின் இரண்டு வகை. கல்லீரல் இன்னும் தொடாதது இன்டைரக்ட். கல்லீரல் பக்குவப்படுத்தி, வெளியேற வழியில்லாமல் ரத்தத்துக்குத் திரும்பியது டைரக்ட். தாய்ப்பாலால் நீடிக்கும் மஞ்சளில் முதல் வகை கூடும். பித்தம் தேங்கினால் இரண்டாவது கூடும். டைரக்ட் 1 மில்லிகிராமுக்கு மேல் (ஒரு டெசிலிட்டருக்கு) இருந்தால் அது இயல்பல்ல, காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

இரண்டு முடிவுத்தாள்களை வைத்துப் பார்ப்போம்:

- முதல் குழந்தை: டோட்டல் 11, டைரக்ட் 0.5.
- இரண்டாம் குழந்தை: டோட்டல் 7, டைரக்ட் 4.

டோட்டலை மட்டும் பார்ப்பவர் முதல் குழந்தைக்காகப் பதறி, இரண்டாம் குழந்தையை "குறைஞ்சிடுச்சு" என்று வீட்டுக்கு அனுப்புவார். அவசரம் இரண்டாம் குழந்தைக்குத்தான். டோட்டல் இறங்கியதே பாதகமான செய்தியை மறைத்துவிடுகிறது.

வழக்கமான தவறுகள்

- நெற்றியில் வைத்துப் பார்க்கும் கருவியோடு நிறுத்திவிடுவது. அது இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாது. 14 நாளுக்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்ப்பதே சரி.
- லேப் சீட்டில் டைரக்ட் எழுதாமல் விட்டுவிடுவது. ரத்தம் கொடுக்கும் முன்பே "டைரக்ட் தனியா வருமா?" என்று கேளுங்கள். வராது என்றால் வேறு லேப்.
- டைரக்ட் கூடியிருந்தும் "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம்" என்பதை ஏற்றுக்கொள்வது. அடுத்த ஆலோசனை நாள் கணக்கில் இருக்க வேண்டும், வாரக் கணக்கில் கூடாது. மரியாதை குறையாமல் "மேல்சிகிச்சைக்கு ஒரு கடிதம் தர முடியுமா டாக்டர்?" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

6. இந்த நாட்களில் செய்யக்கூடாதவை

வெயில்: இளவெயிலில் காட்டுவதும் நீல விளக்கின் கீழே வைப்பதும் இன்டைரக்ட் பிலிருபினைக் கரைக்கத்தான். தேங்கிய பித்தத்துக்கு அவற்றால் பயனில்லை. டைரக்ட் கூடிய குழந்தையை நீல விளக்கில் வைத்தால் தோல் வெண்கல நிறமாக மாறுவதும் உண்டு.

கீழாநெல்லி, உரைமருந்து, கழுதைப்பால்: "கழுதைப்பாலேய்" என்று தெருவில் கூவி வரும்போது சங்கில் வாங்கிப் புகட்டாத வீடு அரிது என்று சொல்லும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அடைந்த குழாயை இவற்றில் எதுவும் திறக்காது. காய்ச்சாத பாலிலும் கழுவாத உரைகல்லிலும் கிருமி தொற்றும் ஆபத்து வேறு. எனக்கு இவற்றின் மேல் உள்ள பெரிய மனத்தாங்கல் நாள் பற்றியது: ஒவ்வொன்றுக்கும் "ஒரு வாரம் கொடுத்துப் பாரு" என்று ஒரு வாரம் போய்விடுகிறது. மந்திரிப்பதாக இருந்தால் மந்திரித்துக்கொள்ளுங்கள், அதே நாளில் ரத்தமும் கொடுத்துவிடுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்துவது: கூடாது. காலக்டோசீமியா என்ற அரிய நோய் இருக்கிறது என்று மருத்துவர் சந்தேகித்துச் சொன்னால் மட்டும் விலக்கு. தாயின் சாப்பாட்டில் எண்ணெயைக் குறைப்பதாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பத்தியம் என்ற பேரில் பிள்ளை பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள்.

காது குத்துவது, சுன்னத்து, தசையில் ஊசி: பித்தம் குடலில் இல்லாவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது, ரத்தம் உறையாது. ரத்த உறைவுச் சோதனை சரி என்று வரும்வரை காது குத்தையும் சுன்னத்தையும் தள்ளிப்போடுங்கள். தடுப்பூசியைத் தள்ள வேண்டாம். ஆனால் ஊசி போடும் முன் செவிலியரிடம் "குழந்தைக்குப் பித்தத் தேக்கம் இருக்கு, வைட்டமின் கே போட்டாச்சா பாருங்க" என்று சொல்லுங்கள்.

7. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். நாளை காலை என்பது கிடையாது.

- தொப்புள், மூக்கு, ஈறு, ஊசி போட்ட இடம் எங்கிருந்தாவது ரத்தம் கசிந்து நிற்காமல் இருப்பது. காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு.
- மயக்கமாகக் கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது. மூளைக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். பித்தத் தேக்கம் முதன்முதலில் வெளிப்படுவதே இப்படித்தான் என்ற குழந்தைகளும் உண்டு.
- காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப்போவது.
- ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம் (முதல் நாட்களின் கருமலம் போன பிறகு).

பிறந்த அன்று தொடையில் போடும் வைட்டமின் கே ஊசி இந்த ஆபத்துக்கு முதல் தடுப்பு. வீட்டிலோ வழியிலோ பிறந்த குழந்தைக்கு அது விட்டுப்போயிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

8. பெரிய மருத்துவமனையில் நடக்கும் வரிசை

குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் கல்லீரல் மருத்துவரும் ஒரே கூரையின் கீழே உள்ள இடத்துக்கு நேரடியாகப் போவதே நாளை மிச்சப்படுத்தும். சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்றவை தமிழ்நாட்டுக்காரர்கள் எட்டக்கூடியவை.

எடுத்துப்போக வேண்டியவை: டிஸ்சார்ஜ் சீட்டு, எல்லா ரத்த முடிவுகளும் தேதி வரிசையில், மலப் படங்கள், தாயின் ஸ்கேன் தாள்கள், காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஒரு வாரத்துக்கு மாற்றுத் துணி. "காட்டிட்டு வந்துடலாம்" என்று ஒரு பையோடு போய், துணி எடுக்க ஊருக்குத் திரும்பி ஐந்து நாள் இழப்பவர்கள் உண்டு.

பொதுவாக நடப்பவை:

1. ரத்தம், சிறுநீர். ஈரல் சோதனைகள், ஜிஜிடி, ரத்த உறைவுக்கான ஐஎன்ஆர், தைராய்டு, தொற்று, காலக்டோசீமியா. மருந்தாலோ பாலை மாற்றியோ சரிசெய்யக்கூடிய காரணங்களை விலக்குவதற்காக இவை. வைட்டமின் கே ஊசியும் இப்போதே போடப்படும்.

2. வயிற்று ஸ்கேன். குழந்தை சுமார் நான்கு மணி நேரம் பால் குடிக்காமல் இருந்தால்தான் பித்தப்பை நிரம்பி இருக்கும். அழுகிறதே என்று வரிசையில் நிற்கும்போது பாட்டி இரண்டு சங்கு பால் கொடுத்துவிட்டால் பித்தப்பை சுருங்கி, இல்லாததுபோலத் தெரியும், ஸ்கேன் வீணாகும். அதற்காக இரவெல்லாம் பட்டினி போடவும் கூடாது. ஸ்கேன் நேரத்தைக் கேட்டு, எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று எழுதி வாங்குங்கள், முடிந்ததும் அங்கேயே பால் கொடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: ஸ்கேனில் பித்தப்பை தெரிந்துவிட்டதாலேயே பிலியரி அட்ரீசியா இல்லை என்று ஆகிவிடாது.

3. ஹைடா ஸ்கேன். ஊசியில் செலுத்திய மருந்து குடலுக்கு வருகிறதா என்று பார்ப்பது. இதற்கு முன் ஐந்து நாள் பீனோபார்பிட்டோன் கொடுக்கும் வழக்கம் உண்டு. குழந்தை 50 நாளைத் தாண்டியிருந்தால் "இந்த ஐந்து நாள் அவசியமா, நேரே அடுத்த படிக்குப் போகலாமா?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

4. ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது. பயாப்சி என்ற பெயரைக் கேட்டதும் புற்றுநோய் என்று கலங்க வேண்டாம்.

5. அறுவை அரங்கில் பித்தப்பை வழியாகச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. முடிவான பதில் இதில்தான். சாயம் இறங்காவிட்டால் அதே மயக்கத்தில் அறுவை சிகிச்சை தொடரும். அதனால் இதற்கான ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போதே இரண்டுக்கும் சேர்த்துச் சம்மதிக்கிறீர்கள். கையெழுத்துக்காக ஊரிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்ற நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சாயம் இறங்கி, குழாயில் நீர்க்கட்டி போன்ற வீக்கமோ வேறு காரணமோ தெரிந்தால் வழி வேறு. அதை அறுவை மருத்துவர் விளக்குவார்.

9. கசாய் அறுவை சிகிச்சையும் வீட்டுக்கு வந்த பின்னும்

ஜப்பானின் சென்டாய் நகரில் மோரியோ கசாய் 1950-களில் வகுத்து, 1959-இல் வெளியிட்ட முறை இது. அதற்குமுன் இந்த நோய்க்குப் பெரும்பாலும் வழியே இல்லை. அடைந்த குழாய்களை அகற்றிவிட்டு, சிறுகுடலின் ஒரு கண்ணியைக் கல்லீரலின் வாயிலில் நேரடியாகத் தைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் வழியாகப் பித்தம் குடலில் வழியும். எல்லாக் குழந்தைக்கும் பலிப்பதில்லை. பலித்தவர்களிலும் பலருக்குப் பிற்காலத்தில் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும். நல்ல ஈரலோடு கிடைக்கும் ஒவ்வொரு ஆண்டும் லாபம் என்று கணக்குப் போடுங்கள்.

வீட்டில் தினமும்:

1. பழைய நோட்டிலேயே மல நிறத்தைத் தொடர்ந்து எழுதுங்கள். நிறம் திரும்புவது முதல் நல்ல அடையாளம்.
2. காலையும் மாலையும் வெப்பமானியால் காய்ச்சல் பாருங்கள். 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) வந்தாலும், மலம் மீண்டும் வெளுத்தாலும், மஞ்சள் கூடினாலும் பித்தக் குழாய்த் தொற்று என்றே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் இது அடிக்கடி வரும், நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். பக்கத்துக் கடையில் காய்ச்சல் சிரப் வாங்கி இரண்டு நாள் பார்ப்பது இந்தக் குழந்தைகளுக்குப் பொருந்தாது.
3. அர்சோடியாக்சிகோலிக் அமிலம், ஏ, டி, இ, கே வைட்டமின்கள், ஆன்டிபயாட்டிக் எதையும் "நல்லாயிட்டான்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.
4. இவர்களுக்கு மற்றக் குழந்தைகளைவிட அதிக ஊட்டம் வேண்டும். சாதாரணக் கொழுப்பு முழுதாகச் செரிக்காது என்பதால் எம்.சி.டி. எண்ணெய் சேர்க்கச் சொல்வார்கள். அளவு உணவியலாளர் சொல்வதுதான். ஒரேயடியாகக் கூட்டினால் வயிற்றுப்போக்கு வரும்.
5. எடையை மட்டும் நம்பாதீர்கள். ஈரல் வீங்கினாலும் வயிற்றில் நீர் கோத்தாலும் எடை ஏறும், கை கால் சூம்பியிருக்கும். மாதம் ஒருமுறை மேற்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதுங்கள்.
6. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் வேண்டாம். பாராசிட்டமாலும் மருத்துவர் சொன்ன அளவில்தான்.

வீட்டில் இன்னொன்றும் நடக்கும். "வாயும் வயிறுமா இருக்கும்போது என்னத்த சாப்பிட்டாளோ" என்று தாயின் மேல் பழி வரும். தாய் சாப்பிட்டதால் இந்த நோய் வருவதில்லை, பொதுவாகப் பரம்பரையாகவும் வருவதில்லை. இதைக் கணவர் தன் வாயால் உறவினரிடம் சொல்வது நல்லது. டாக்டர் முன்னிலையில் மாமியாரையும் உட்காரவைத்துக் கேட்கவிடுவது இன்னும் நல்லது.

10. மாற்றுக் கல்லீரலுக்குத் தயாராவது

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் மாதத்தில் டோட்டல் பிலிருபின் 2-க்குக் கீழே இறங்கியிருந்தால் நம்பிக்கையோடு இருக்கலாம். இறங்காவிட்டால் அப்போதே மாற்று சிகிச்சை மையத்தில் பெயர் பதியுங்கள். குழந்தை மெலிந்து, வயிறு ஊதிய பிறகு போவது தாமதம்.

1998 நவம்பரில் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது. நோய் இதேதான். குழந்தை காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதச் சிறுவன், கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் அவன் தந்தை. அந்தச் சிறுவன் வளர்ந்து மருத்துவரானார். அன்று டெல்லிக்குப் போக வேண்டியிருந்த சிகிச்சை இன்று சென்னையிலேயே நடக்கிறது.

1. பெற்றோர் இருவரின் ரத்த வகையையும் இப்போதே பார்த்து எழுதி வையுங்கள். பொருந்தும் வகையுள்ள, உடல் நலமுள்ள வயதுவந்தவர் தன் கல்லீரலில் ஒரு சிறு பகுதியைத் தரலாம், அவருக்கு அது மீண்டும் வளர்ந்துவிடும்.
2. பெற்றோர் பொருந்தாவிட்டால் தாத்தா பாட்டியையும் கேளுங்கள். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011-இல் செய்த திருத்தம் அவர்களையும் நெருங்கிய உறவினராக ஏற்கிறது. வயதும் உடல்நிலையும் இடம் கொடுக்க வேண்டும்.
3. கொடுக்கப்போகிறவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தால் மருத்துவர்கள் மறுப்பார்கள். தொந்தி உள்ள அப்பாக்கள் இன்றே குடியை நிறுத்தி, நடந்து, எடையைக் குறைக்கத் தொடங்கினால் சில மாதத்தில் தகுதி பெறலாம்.
4. உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகளை மாற்று சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் போட மாட்டார்கள். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை முன்கூட்டியே போடலாமா என்று கேளுங்கள்.
5. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மேசை மருத்துவமனையிலேயே இருக்கும். சேர்ந்த அன்றே போய்க் குழந்தையின் பெயர் அட்டையில் இருக்கிறதா, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வரை ஒப்புதல் கிடைக்கும், என்னென்ன சான்று வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பல தாள்கள் நகராது, அதைப் பிரசவ மருத்துவமனையிலிருந்து கையோடு வாங்கிவிடுங்கள்.